தொழில்களுக்கிடையே அறிவுப் பகிர்வு: செங்கல்பட்டு–மாமல்லபுரம் பகுதி

ஒரு தொழிலில் விளைந்த நுட்பமும் வேலைப் பழக்கமும் வேறொரு தொழிலைச் சென்றடைவதே தொழில்களுக்கிடையேயான அறிவுப் பகிர்வு. ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அதன் நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்றார் ஆல்பிரட் மார்ஷல் (1890). பலவகைத் தொழில்கள் கலந்திருக்கும் ஊரில்தான் புதியவை பிறக்கும் என்பது ஜேன் ஜேக்கப்ஸின் கருத்து (1969). 170 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து எட்வர்ட் கிளேசரும் வேறு மூவரும் 1992-இல் வெளியிட்ட முடிவு ஜேக்கப்ஸ் பக்கமே சாய்ந்தது. ஆயினும் பல தொழில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுகிறது. ஒரு தொழில் மற்றொன்றிடம் கறாராக வேலை வாங்கும்போதுதான் அறிவு கைமாறுகிறது.

கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை என்னும் அணு உலை, பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி அமைந்தது. பாகங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலேயே உருவாயின. அதைக் குளிர்விக்கும் திரவ சோடியம் தண்ணீர் பட்டால் கடுமையாக வினைபுரியும் என்பதால், பற்றவைப்பில் நுண்ணிய கசிவையும் அனுமதிக்க முடியாது. இந்தக் கண்டிப்பு எல் அண்ட் டி, பெல் (BHEL) போன்ற நிறுவனங்களுக்குப் பள்ளியாயிற்று. அவற்றின் பெரிய ஆலைகளோ மாவட்டத்துக்கு வெளியே இருந்தன. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த சிறு பட்டறைகளை விட ஒப்பந்தம் பெற்ற தொலைதூர ஆலைகளுக்கே கற்கும் வாய்ப்பு அதிகம் இருந்தது. மாமல்லபுரத்தில் நடந்தது வேறு. 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி மையம் மரபுச் சிற்ப அளவுக் கணக்கைக் கற்பிக்க, சிற்பக்கூடங்கள் கட்டுமானத் தொழிலின் மின் சாணை இயந்திரத்தையும் வைரப்பல் வெட்டுத் தட்டையும் தாமாகவே எடுத்துக்கொண்டன. கோயில் திருப்பணிகளுக்கான தேவை சிற்பிகளை நெருக்கியது.

தேசிய நெடுஞ்சாலையும் துறைமுகமும் அரசுச் சலுகையுமே வளர்ச்சிக்குக் காரணம் என்று மறுப்போர் உண்டு. ஆலை வருவதற்கு அவை காரணம்தான். ஆனால் வந்த ஆலை போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. மறைமலைநகரில் ஃபோர்டு கார் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தபோது பலர் வேலையிழந்தனர். அந்த இழப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எனினும் வார்ப்பு, ரப்பர், பிளாஸ்டிக் உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் ஒரு வாடிக்கையாளருக்காகப் பழகிய தரக்கட்டுப்பாடு, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வாகன ஆலைகளுக்கு விற்கவும் உதவும். ஆகவே இப்பகுதியின் வளர்ச்சிக்குக் கூடுதல் சலுகையை விட, பெரிய நிறுவனங்களின் கொள்முதலில் உள்ளூர்ச் சிறு பட்டறைகளுக்கு இடம் ஒதுக்கி, தரம் தவறினால் திருத்திக் கற்றுத்தரும் ஒப்பந்தமே அதிகம் உதவும்.