காலித் துப்பாக்கியின் கணம்: வைட்ஃபீல்ட் முதல் மணியாச்சி வரை

வைட்ஃபீல்டின் பழைய குடியிருப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் சர்ச்சில் கதை வராமல் போவதில்லை. பெங்களூர்த் தண்டிலிருந்து குதிரையேறி வந்த இளம் அதிகாரி, வேவர்லி விடுதியை நடத்திய ஹாமில்டனின் மகள் ரோஸிடம் மனத்தைப் பறிகொடுத்தார் என்பார்கள். அது செவிவழிக் கதை. அதன் இனிமை அதற்குப் போதும். இப்பதிவு அந்த அதிகாரியின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைப் பற்றியது. சுட்டுத் தீர்ந்த துப்பாக்கியை மீண்டும் நிரப்ப ஆகும் நேரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு முனை பெங்களூரிலும் மறுமுனை நம் திருநெல்வேலிச் சீமையிலும் கிடக்கிறது.

மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் அளித்த நிலத்தில், டி. எஸ். வைட் என்பவரின் முயற்சியால் 1882-இல் யூரேசியருக்காக எழுந்த ஊர் வைட்ஃபீல்ட். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1896 அக்டோபரில், நான்காம் ஹுசார் குதிரைப் படையுடன் வின்ஸ்டன் சர்ச்சில் பெங்களூர் வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே ஒரு விபத்து. பம்பாய் சசூன் துறையில் படகிலிருந்து இறங்குகையில் கரைச்சுவரின் இரும்பு வளையத்தைப் பற்றினார். அலை படகை இழுத்தது. வலத்தோள் மூட்டு நழுவியது. அந்தத் தோள் பின்னர் முழு நம்பிக்கைக்கு உரியதாக இருக்கவில்லை. வாள் வீசும் கை பொய்த்துவிடலாம் என்பதால், நெருக்குநேர்ச் சண்டை வந்தால் கைத்துப்பாக்கியையே நம்புவது என்று முடிவு செய்தார்.

குதிரை வீரன் கைத்துப்பாக்கியை நம்புவது அதற்கு முந்தைய நூற்றாண்டில் பேதைமையாகத் தோன்றியிருக்கும். சக்கிமுக்கிக் கல் பூட்டிய பழைய கைத்துப்பாக்கி ஒரே ஒரு முறை சுடும். அடுத்த வெடிக்குக் குழலில் மருந்து கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டித்து, பற்றவைக்கும் கிண்ணத்தில் பொடி தூவ வேண்டும். ஒரு கையில் கடிவாளம், அடியில் ஓடும் குதிரை என்னும் நிலையில் இது நடவாத காரியம். ஆகவே சேணத்தின் இருபுறமும் ஒவ்வொரு துப்பாக்கி தொங்கியது. இரண்டும் வெடித்த பின் வாள்தான். மீண்டும் நிரப்பும் உத்தி என்று எதுவும் இல்லை. அடுத்த ஆயுதத்துக்குக் கை போயிற்று, அவ்வளவே.

ஆயுதம் காலியாகும் கணம் எதிரிக்கும் தெரியும். அதை நம்பியே அவன் பாய்வான். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த சென்னைக் கோட்டையை ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் படை சூழ்ந்து நின்றது. கோட்டையிலிருந்து ஏறத்தாழ 400 பேரும் இரண்டு பீரங்கிகளும் வெளியேறின. கால்மணிக்கு ஒரு முறை பீரங்கி வெடித்தாலே சிறப்பு என்று பழகியிருந்தது நவாபின் படை என்கிறார் வரலாற்றாசிரியர் ஓர்ம். ஒரு நிமிடத்துக்குள் பலமுறை வெடிக்கும் பீரங்கியை அது அறிந்ததில்லை. முதல் வெடிக்குப் பின் கிடைக்கும் என்று நம்பிய இடைவெளி கிடைக்காததால் குதிரைப் படை கலைந்தோடியது. அடுத்து நிகழ்ந்த அடையாற்றுப் போரிலும் விடாத அணிவெடியே சிறுபடைக்கு வெற்றி தந்தது.

இந்த இடைவெளியைச் சுருக்கியது விரல்களின் வேகம் மட்டுமன்று. களத்தில் செய்ய வேண்டிய வேலையைக் களத்துக்கு முன்பே செய்து வைத்ததுதான் பெரிய மாற்றம். அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டியபோதே, போர்வீரனின் வேலையில் ஒரு பங்கு தோட்டாச் சாலைக்கு நகர்ந்துவிட்டது. அப்படி நகர்ந்த வேலையின் மீது அவனுக்கு அதிகாரம் இல்லை. உறையில் பூசிய கொழுப்பு எதனுடையது என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. 1857 ஏப்ரலில் மீரட்டில் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். துப்பாக்கியை நிரப்பும் முறையின் ஒரு படி, ஒரு பேரெழுச்சிக்கு வாசலாயிற்று.

கைத்துப்பாக்கியில் இதே மாற்றம் படிப்படியாக வந்தது. 1836-இல் அமெரிக்காவில் கோல்ட் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி, பல வெடிகளை முன்கூட்டியே நிரப்பி வைக்க வழி செய்தது. எனினும் தீர்ந்த பின் ஒவ்வோர் அறைக்கும் பழைய பாடே. உலோகத் தோட்டா வந்த பிறகும் பல வகைகளில் வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒவ்வொன்றாகவே நிரப்ப வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் ராணுவம் 1887-இல் ஏற்ற வெப்ளி, நடுவில் மடங்கித் திறக்கும்போதே ஆறு கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ளியது. ஆறு தோட்டாக்களை வட்டமாகப் பிடித்து ஒரே அழுத்தில் உள்ளே இறக்கும் பிரிடோ கருவி 1893-இல் காப்புரிமை பெற்றது.

சர்ச்சில் லண்டனில் வாங்கியது அதனினும் புதிய மௌசர். பத்துத் தோட்டாக்கள் ஒரு தகட்டுப் பட்டையில் வரிசையாக நிற்கும். துப்பாக்கியின் மேல்வாயில் பட்டையை நிறுத்திக் கட்டைவிரலால் அழுத்தினால் பத்தும் உள்ளே இறங்கும். பட்டையை உருவியதும் பூட்டு முன்னோக்கிப் பாய்ந்து மூடிக்கொள்ளும். வேகம் இதில் இருந்தது; நம்பகத்தைப் பழக்கத்தால்தான் பெற வேண்டும். பட்டை சாய்ந்தால் தோட்டா சிக்கும். நைல் நதியில் சென்ற பயணத்தில் அத்துப்பாக்கியோடு கவனமாகப் பயிற்சி செய்ததாகச் சர்ச்சிலே தம் வாழ்க்கை நூலில் எழுதுகிறார்.

1898 செப்டம்பர் 2 அன்று சூடானின் ஓம்துர்மானில் 21-ஆம் ஈட்டிப் படையுடன் பாய்ந்தார். குதிரையின் பாய்ச்சலிலேயே வாளை உறையில் செருகி, மரக்கூட்டிலிருந்து மௌசரை உருவினார். சில நிமிடங்களில் முடிந்த அந்த மோதலில் ஏறத்தாழ 70 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டனர் அல்லது காயமுற்றனர். கூட்டத்தைக் கடந்து வெளிவந்ததும், பத்துத் தோட்டாக்களும் தீர்ந்ததைக் கண்டு, வேறெதையும் நினைப்பதற்கு முன் புதிய பட்டையை ஏற்றினாராம். காலியான கணம் அவருக்குச் சண்டைக்கு வெளியே வாய்த்தது. அந்த நாளில் சூடானியர் தரப்பில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். எதிர்த்தரப்பில் 50-க்கும் குறைவு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவை பீரங்கிகளும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் வரிசைத் துப்பாக்கிகளும்தான். எனினும் எல்லாவற்றிலும் வேலை செய்தது ஒரே கணக்கு: எதிரி பாய்வதற்கு இடைவெளி தராதே.

அடுத்த படி, தோட்டா அடுக்கிய மேகசீனையே கைப்பிடிக்குள் செருகிக் கழற்றுவது. பெல்ஜியத்தில் உருவான பிரௌனிங் இதைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்க வைத்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்திருந்தது. சட்டத்தின் கண்ணில் படாத அளவில் ஆயுதம் சுருங்கியபோது அந்த வேலியில் துளை விழுந்தது. 1909-இல் லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து 20 பிரௌனிங்குகள் ரகசியமாகப் பம்பாய் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் பிரௌனிங்கால்தான். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவருக்குச் சுடும் பயிற்சி அளித்தார் என்பர்.

நைல் நதிப் பயிற்சியையும் புதுச்சேரிப் பயிற்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கை பழகியது, கருவி புதியது, மனம் துணிந்தது. இவையெல்லாம் இருபுறமும் ஒன்றே. வேறுபாடு அடுத்த நிரப்பில் இருக்கிறது. சர்ச்சிலின் பையிலிருந்த இரண்டாவது பட்டைக்குப் பின்னால் ஒரு பேரரசின் கப்பல்களும் ரயில்களும் கிடங்குகளும் வரிசையாக நின்றன. வாஞ்சியின் துப்பாக்கிக்குப் பின்னால் எவரும் இல்லை. நடைமேடைக் கழிப்பறையில் அதைத் தம்மீதே திருப்பிக்கொண்டார். 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் போலீசாரோடு தனித்துப் போரிட்ட சந்திரசேகர ஆசாத்தின் கையில் இருந்ததும் மேகசீன் செருகும் கோல்ட்தான். தோட்டா தீரும் கட்டத்தில் கடைசி ஒன்றைத் தமக்கென்று வைத்துக்கொண்டார் என்பது நாடறிந்த செய்தி. துப்பாக்கி அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயுத வரலாற்றை எழுதுவோர் விரலின் வேகத்தையும் விசையின் நுட்பத்தையும் அளந்து எழுதுகிறார்கள். அதனோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பது என் துணிபு: துப்பாக்கி காலியான அந்தக் கணத்தில், அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து தருபவர் யார்? வைட்ஃபீல்டில் சர்ச்சில் காதல்கதையைக் கேட்கும் நண்பர்கள், மணியாச்சி நடைமேடையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.