காணாமற்போகாத கோயில்

சாவகத் தீவின் நடுப்பகுதியில் உள்ள யோக்யகர்த்தா நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் ஒரே நாளில் போரோபுதூரைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். ஒரு காரையும் அதனுடன் ஒரு வழிகாட்டியையும் நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டால் போதும். விடியுமுன் புறப்பாடு, காலையில் போரோபுதூர், பிற்பகலில் பிரம்பானன், அந்தி சாய்வதற்குள் மீண்டும் விடுதி. பௌத்தத்தின் பெருங்கோயில் ஒன்றையும் சைவத்தின் பெருங்கோயில் ஒன்றையும் பன்னிரண்டு மணி நேரத்திற்குள் பார்த்து முடித்துவிடலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடுப்பு நாள்களை விரல்விட்டு எண்ணிச் செலவிடும் நம்மவர்க்கு வேறு வழியும் இல்லை. நானும் அவ்வாறே போய் வந்தவன்தான்.

கார் நகரைக் கடந்து முந்திலான் ஊர்ப்பக்கம் வரும்போது, சாலையோரத்தில் கற்சிற்பிகள் எரிமலைக் கல்லைச் செதுக்கிக் கொண்டிருப்பதைக் காணலாம். வலப்புறம் மெராப்பி மலை. இவ்விடத்தில் வழிகாட்டிகள் வழக்கமாக ஒரு கதையைத் தொடங்குவார்கள். எரிமலைச் சாம்பலும் காடும் மூடிப் பல நூற்றாண்டுகள் உலகம் மறந்துபோயிருந்த கோயிலை, 1814ஆம் ஆண்டில் ஆங்கில ஆளுநர் ராஃபிள்ஸ் கண்டுபிடித்தார் என்பது அக்கதை. மற்ற நாட்டார் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படித்தவர்களுக்கோ அது எங்கோ கேட்ட குரலாக ஒலிக்கும். 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கும்வரை சிங்கப்பூர் சில மீனவர் குடிசைகள் மட்டுமே இருந்த தீவு என்று நம் பள்ளிப் புத்தகங்களும் ஒரு காலத்தில் சொல்லிவந்தன அல்லவா? அதே மனிதர், ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு கண்டுபிடிப்புகள்! ஒரு மனிதருக்கு இத்தனை நற்பேறு வாய்க்குமா என்ற ஐயத்தில்தான் இதை ஆராயப் புகுந்தேன்.

போரோபுதூரைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அதை மறந்தவர்கள் அல்லர். 10ஆம் நூற்றாண்டில் அரசிருக்கை கிழக்குச் சாவகத்திற்கு மாறியது, பின்னர் மக்களின் சமயமும் மாறியது, வழிபாடு நின்றது. இவையெல்லாம் உண்மை. ஆனால், வழிபாடு நின்ற இடம் என்பது வேறு, மறந்துபோன இடம் என்பது வேறு. சாவகத்தின் வரலாற்று நூல்களாகிய ‘பாபாட்’ என்பவற்றில் இம்மலையின் பெயர் வருகிறது. 1709ஆம் ஆண்டில் மத்தாராம் அரசன் முதலாம் பாக்குபுவானாவை எதிர்த்துக் கிளர்ந்த மாஸ் டானா என்பவன், போரோபுதூர்க் குன்றில் முற்றுகையிடப்பட்டுத் தோற்றான் என்று அவற்றுள் ஒன்று கூறுகிறது. இன்னொன்று 1757ஆம் ஆண்டைச் சார்ந்த செய்தி. யோக்யகர்த்தாவின் இளவரசர் ஒருவர், போகலாகாது என்ற தடையையும் மீறி அங்கே சென்று, கூண்டில் அடைபட்ட வீரனைக் கண்டு திரும்பி, நோயுற்று மறுநாளே மாண்டாராம். கூண்டில் அடைபட்ட வீரன் யார் என்பது கோயிலின் மேல்தளத்தை ஒருமுறை பார்த்தவர்க்கு உடனே விளங்கும். துளைகளிட்ட கல்மணிகள் போன்ற 72 சிறு தூபிகளுள் ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர் அமர்ந்திருக்கிறார். அவர் புத்தர் என்பதை மக்கள் மறந்திருக்கலாம். அவர் அங்கே இருக்கிறார் என்பதை மறக்கவில்லை. அஞ்சி விலகி நிற்பதும் ஒருவகை நினைவுதான்.

இனி, 1814இல் நடந்ததைப் பார்ப்போம். 1811 முதல் 1816 வரை சாவகம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. துணை ஆளுநராக இருந்த ராஃபிள்ஸ் செமாராங்கில் தங்கியிருந்தபோது, கெடு வட்டாரத்தின் உள்ளே பெரிய கட்டடம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. எட்டியது என்றால், யாரோ சொன்னார்கள் என்பதே பொருள். சொன்னவர் பெயர் ஏட்டில் இல்லை. ராஃபிள்ஸ் உடனே தாம் புறப்படவில்லை. கொர்னேலியஸ் என்னும் டச்சுப் பொறியாளரை அனுப்பினார். அவர் 200 ஊராரைக் கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாத காலம் மரம் வெட்டி, புதர் எரித்து, மண்ணை அள்ளினார். இடிந்துவிழும் என்ற அச்சத்தால் எல்லாப் பகுதியையும் திறக்கவில்லை. கோயில் முழுவதும் வெளிப்பட்டது 1835ஆம் ஆண்டில், ஹார்ட்மன் என்னும் டச்சு அதிகாரியின் காலத்தில். 1817இல் வெளிவந்த தம் சாவக வரலாற்று நூலில் ராஃபிள்ஸ் இக்கோயிலைப் பற்றி எழுதியது மிகச் சிறிதளவே. ஆயினும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அரிவாள் பிடித்த அந்த 200 பேருள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

ராஃபிள்ஸின் பணியை இல்லையென்று தள்ளுவது நேர்மையாகாது. பழமையில் அவருக்கு இருந்த ஆர்வம் உண்மையானது. அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் அப்படி இருக்கவில்லை. 1882இல் கோயிலைப் பிரித்துச் சிற்பங்களை அருங்காட்சியகங்களுக்கு அனுப்பிவிடலாம் என்று ஓர் அதிகாரி பரிந்துரைத்தார். 1896இல் வந்த சயாம் மன்னர் சூலாலங்கோர்னுக்கு டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாகக் கொடுத்து அனுப்பியது. ஆர்வம் இல்லாதவன் கையில் பழமை படும் பாட்டுக்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் 50 வரி எழுத்துடன் நின்ற பெரும்பாறையை 1843இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். அதில் எழுதியிருந்தது என்ன என்பதை இன்றுவரை எவராலும் படிக்க முடியவில்லை.

ஆனால் கண்டுபிடித்த கையே மற்றொன்றையும் செய்தது. 1812 ஜூன் மாதம் ஆங்கிலப் படை யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டது. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பொன்னோடு போனவை ஏடுகள். சாவக மக்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்த அரண்மனை நூலகம் வெறுமையாயிற்று. அவ்வேடுகளைப் பெற்றுக்கொண்டவர்களுள் ராஃபிள்ஸ் ஒருவர். பின்னாளில் சிங்கப்பூரின் ஆட்சியாளராக வந்த கிராஃபர்டு மற்றொருவர். மூன்றாமவர் காலின் மெக்கன்சி. தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு நன்கு அறிமுகமானவர். தென்னாட்டில் அவர் திரட்டிய சுவடிகள் சென்னையில் உள்ளன. 2019இல் பிரிட்டிஷ் நூலகம் அவற்றுள் 75 சுவடிகளை மின்படியாக்கி, அப்படிகளை யோக்யகர்த்தா சுல்தானிடம் அளித்தது. மூல ஏடுகள் இலண்டனில் இருக்கின்றன. ஒரு மக்களின் ஏடுகளைக் கொண்டுபோய்விட்டு, அவர்கள் தம் கோயிலை மறந்துவிட்டனர் என்று எழுதுவது எளிது.

இதையெல்லாம் காரிலேயே எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். மலாய்மொழி நமக்குத் தெரிந்திருப்பதால் பேச்சுக்குத் தடையில்லை. அவர் சிரித்துவிட்டு, “என் பாட்டி கோயிலின் அடிவாரத்தில் பிறந்தவர், ஐயா. அவருக்கு எவரும் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. வருகின்ற விருந்தினர்கள் ராஃபிள்ஸ் கதையை எதிர்பார்க்கிறார்கள், அதனால் சொல்லுகிறோம்” என்றார். பாட்டியின் வீடு இன்று இல்லை. யுனெஸ்கோவின் துணையோடு 1975 முதல் 1983 வரை நடந்த பெருந்திருப்பணியை ஒட்டிக் கோயிலைச் சுற்றிப் பூங்கா அமைந்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் வேறிடம் பெயர்க்கப்பட்டனர். கல்லை ஒன்றொன்றாகக் கழற்றி எண்ணிட்டு மீண்டும் அதே இடத்தில் அடுக்கிய அரிய பணி அது. மனிதரை அவ்வாறு மீண்டும் அடுக்கவில்லை.

போரோபுதூரை எழுப்பிய சைலேந்திரர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கோயில் எழுந்த காலம் ஏறத்தாழ 780 முதல் 830 வரை. இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தான் சைலேந்திர குலத்தில் தோன்றியவன் என்று கூறிக்கொண்டான். அவன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரத்துக்கே இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் ‘லைடன் செப்பேடுகள்’ என்ற பெயரால் அறியப்படுவது, ஏடுகள் கடல்கடந்துபோன கதையின் இன்னொரு கிளை. கடாரம் என்பது நம் கெடா. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவியும் சாவகநாடு சென்று அதன் மன்னன் புண்ணியராசனைக் காண்கிறாள். ஆகவே போரோபுதூரின் படியில் கால்வைக்கும் தமிழர், எவரோ ஒருவர் நேற்றுத் திறந்துகாட்டிய இடத்திற்கு வந்ததாக எண்ண வேண்டியதில்லை.

கோயிலின் அமைப்பு நாள்வாடகைப் பயணத்திற்கு ஏற்றதன்று. சதுரத் தளங்கள் ஆறு, வட்டத் தளங்கள் மூன்று, உச்சியில் பெருந்தூபி. கிழக்கு வாயிலில் தொடங்கி, வலம்வந்து, சுவர்ச்சிற்பங்களை வரிசை தவறாமல் பார்த்துச் செல்லவேண்டும் என்பது கட்டியவர்களின் கருத்து. முதற் சுற்றுப்பாதையில் நான்கு முறையும் அடுத்த மூன்றில் இரண்டிரண்டு முறையும் வலம்வந்தால்தான் எல்லாவற்றையும் பார்க்கமுடியும். பத்துச் சுற்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடை. கதைச் சிற்பங்கள் மட்டும் 1,460. நமக்குக் கிடைப்பதோ சிறிது நேரம். நேரே படியேறி உச்சியில் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். 2023இல் மேலே ஏறுவோரை நாளுக்கு 1,200 பேர் என்று வரையறுத்து, வழிகாட்டியுடன்தான் ஏறவேண்டும் என்றும், கல் தேயாதிருக்கத் தனிச் செருப்பு அணியவேண்டும் என்றும் விதித்தனர். ‘உபானத்’ என்பது அச்செருப்பின் பெயர். நல்ல ஏற்பாடுதான். ஆனால், கல்லைக் காப்பதற்கு விதித்த நேரம் கதையைப் படிப்பதற்குப் போதாது.

மேற்சுற்றுகளில் உள்ள கதை எது தெரியுமா? அதுவே ஒரு பயணக்கதை; வழிகாட்டிகளைத் தேடிச்செல்லும் கதை. ‘கண்டவியூகம்’ என்னும் பௌத்த நூலில் வரும் சுதனன் என்ற வணிகமகன் ஞானம் தேடித் தென்திசை நோக்கிப் புறப்படுகிறான். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை அடைகிறான். துறவி, அரசன், மாலுமி, சிறுவன், கணிகை எனப் பலதிறத்தார் அவர்கள். திராவிட நாட்டில் வச்சிரபுரம் என்னும் ஊரில் எழுத்துகளைப் பற்றி விரிவுரை ஆற்றும் மேகன் என்பவரும் அவர்களுள் ஒருவர். இச்சிறுவன் ஞானத்தில் மனம்வைத்தவன் என்று அறிந்ததும் மேகன் தம் இருக்கையைவிட்டு இறங்கி அவனை வணங்குகிறார். தமிழ்நாட்டில் பௌத்தம் தழைத்த காலத்தின் எதிரொலியாக இதைக் கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தாம் அறிந்ததைச் சொல்லி முடித்து, ‘எனக்குத் தெரிந்தது இவ்வளவே, இதற்குமேல் இன்ன ஊரில் இன்னாரிடம் போய்க் கேள்’ என்று அவனை அனுப்பிவைக்கிறார். இக்கதையும் இதன் முடிவுரையாகிய வாழ்த்தும் சேர்ந்து 460 சிற்பங்களாக அங்கே விரிகின்றன.

ராஃபிள்ஸின் பெயரால் அறியப்பட்ட தீவிலும் மண் பேசத் தொடங்கியது. 1984இல் சிங்கப்பூரின் கேன்னிங் கோட்டை மலையில் ஜான் மிக்சிக் என்னும் தொல்லியலார் அகழ்ந்தபோது 14ஆம் நூற்றாண்டின் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. துமாசிக் வெறுங்கதை அன்று என்பதை அவை காட்டின. அதே மிக்சிக்தான் பின்னர் போரோபுதூரைப் பற்றியும் நூல் எழுதினார்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் உச்சிக்குப் போவதை விட்டுத் தென்கிழக்கு மூலையின் அடித்தளத்திற்குச் செல்லட்டும் என்பது என் விருப்பம். கோயிலின் உண்மையான அடித்தளம் ஒரு பெருங்கற்சுவரால் மூடப்பட்டுள்ளது. கோயில் சரியாமல் தாங்குவதற்காகக் கட்டிய காலத்திலேயே மூடினர் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1885இல் ஐசர்மன் என்பவர் அதைக் கண்டறிந்தார். இம்முறை ‘கண்டறிந்தார்’ என்ற சொல் பொருந்தும். கட்டியவர்களுக்குப்பின் அதைக் கண்டவர் எவருமில்லை. சுவரைப் பகுதி பகுதியாகப் பிரித்து 1890-91இல் 160 சிற்பங்களையும் படமெடுத்தவர் காசியான் செஃபாஸ் என்னும் சாவகர். பின்பு மீண்டும் மூடிவிட்டனர். வினைப்பயனைக் கூறும் சிற்பங்கள் அவை. சிலவற்றின் மேல் சிற்பிக்குக் குறிப்பாக எழுதப்பட்ட சிறுசிறு சொற்கள் அழிக்கப்படாமல் நிற்கின்றன. ஒன்றில் ‘விரூப’ என்று எழுதியிருக்கிறது. அழகற்ற முகம் செதுக்குக என்று மேற்பார்வையாளர் யாரோ கைப்பட எழுதிக்கொடுத்தது அது. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சுவரின் அம்மூலையை மட்டும் திறந்தனர். 160இல் நான்கு சிற்பங்களை இன்று அங்கே நின்று பார்க்கலாம். ஏறவேண்டிய படி ஒன்றுமில்லை.