வர்த்தமானம் என்றால் என்ன?

"கெசட் வந்துட்டா?" என்று கேட்காத பட்டதாரி நம்ம புத்தளத்தில் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும் காலத்தில் நாங்களும் வெள்ளிக்கிழமைதோறும் அதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தோம். அந்தத் தாளின் தலையில் பெரிய எழுத்தில் 'வர்த்தமானப் பத்திரிகை' என்று இருக்கும். கண் நேரே பதவி வெற்றிடத்துக்குப் போய்விடும், தலைப்பை யார் பார்த்தது? இன்றைக்கு அந்தத் தலைப்பைப் பார்ப்போம்.

வர்த்தமானம் வடசொல். நடந்துகொண்டிருப்பது என்பது அதன் பொருள். பழைய இலக்கணக்காரர் நிகழ்காலத்தை வர்த்தமானம் என்றார்கள். சிங்களத்தில் இன்றும் 'வர்த்தமான' என்றால் தற்போதைய. மலையாளத்தில் அது பேச்சும் சேதியும். தெரிந்தவரைக் கண்டால் "எந்தொக்கெ உண்டு வர்த்தமானம்" என்று விசாரிப்பார்கள். (மகாவீரருக்கு வர்த்தமானர் என்றொரு பெயர் உண்டு. தமிழில் எழுத்து ஒன்றுதான், ஆனால் அது வேறு சொல். வளர்பவர் என்று பொருள்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழில் பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தச் சொல் நன்றாக உழைத்துக் கொடுத்தது. நடந்த சம்பவம் வர்த்தமானம். அதைப் பற்றி வந்த தகவலும் வர்த்தமானம். அந்தத் தகவலைச் சுமந்து வந்த தாள் வர்த்தமானப் பத்திரிகை, சுருக்கமாக வர்த்தமானி. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை வாசிப்பவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். 1855இல் சென்னையில் 'தினவர்த்தமானி' வெளிவந்தது. அதைத் தொடங்கிய பேர்சிவல் பாதிரியார் அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். ஆசிரியராக இருந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்தவர். 1875இல் சிங்கப்பூரில் 'சிங்கை வர்த்தமானி'யை நடத்தியவர் நம்மவர், மக்தூம் சாயிபு. பின்னாளில் அவர் தொடங்கிய ஒரு பத்திரிகைக்கு 'சிங்கை நேசன்' என்று பெயர் வைத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1882இல், கொழும்பில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கியிருந்தார்.

அப்படியானால் ஊருக்கெல்லாம் பொதுவான இந்தச் சொல் அரசாங்கத்தின் கைக்கு எப்படிப் போனது?

இலங்கை அரசாங்கத்தின் கெசட் முதலில் வெளிவந்தது 1802 மார்ச் 15ஆம் திகதி. அன்றைக்கு நாட்டில் வேறு பத்திரிகையே கிடையாது. அதனால் ஆளுநரின் பிரகடனங்களோடு விளம்பரங்களும், பிறப்பு, திருமணம், மரணம் பற்றிய அறிவித்தல்களும் அதிலேயே வந்தன. ஐரோப்பாவில் 'கெசட்' என்ற சொல்லுக்கும் முதலில் செய்தித்தாள் என்றுதான் பொருள், வெனிஸ் நகரத்தில் பிறந்த சொல் அது. ஆகவே அதைத் தமிழில் வர்த்தமானப் பத்திரிகை என்றது சரியான மொழிபெயர்ப்பே. பிறகு பத்திரிகைக்காரர்கள் 'செய்தி'க்கு மாறிவிட்டார்கள். தமிழ்நாட்டு அரசாங்கமும் 'அரசிதழ்' என்று வைத்துக்கொண்டது. இங்கே அரசாங்கம் மட்டும் பழைய சொல்லை விடவில்லை. செய்தி என்ற பொருள் உதிர்ந்து, கட்டளை என்ற பொருள் அதில் ஏறிக்கொண்டது.

இதை ஏதோ சொல்லாராய்ச்சி என்று நம்ம கரையில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். விட்டுவந்த ஊர்களில் இருபது வருடம் ஆளில்லை, காடு ஏறியது. யுத்தம் 2009இல் முடிந்து, திரும்பிப் போவதா வேண்டாமா என்று குடும்பங்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி ஒன்று வந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலம் ஒதுக்கப்பட்ட காடு என்றது அது. 2017 மார்ச் 24இல் இன்னொன்று. ஜனாதிபதி சிறிசேன ரஷ்யாவில் இருந்தபோது ஒப்பமிட்டது. இந்த முறை மாவில்லுப் பேணற் காடு, 40,000 ஹெக்டெயருக்கு மேல். மறிச்சுக்கட்டியில் சனம் போராட்டத்தில் உட்கார்ந்தது.

காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வில்பத்து நமக்கும் பக்கத்து வீடுதான். ஆனால் 'நடந்துகொண்டிருப்பது' என்று பெயர் வைத்த ஒரு தாள், அங்கே உண்மையில் நடந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. வெற்று நிலத்தைப் பார்த்தது. அது ஏன் வெறுமையானது என்று கேட்கவில்லை. அந்தத் தாளை நாங்களும் வாசிக்கவில்லை. வேலை கெசட்டுக்கு வரிசையில் நின்ற நாங்கள், காணி கெசட் வந்ததை நெடுநாள் கழித்துத்தான் அறிந்தோம். சட்டத்துக்கு அது கணக்கில்லை. அச்சில் வந்துவிட்டால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரித்தான்.

வர்த்தமானியின் தமிழ்ப் பிரதி அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கிடைக்கிறது. காணி விசயமானால் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கும். வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே என்று ஆறு, குளம், பாதைகளின் பெயரால் எல்லை எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர்களில் பாதி நம்ம வயதுக்காரருக்குத் தெரியாது. வீட்டிலே உம்மா, வாப்பா, மூத்தம்மா யாராவது முசலிப் பக்கம் பிறந்தவர்கள் இருந்தால், அவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். அவர்கள் சொல்லும் பழைய பெயர்களை ஓரத்தில் எழுதி வையுங்கள்.