கவனக் குறைபாட்டுக்கான ஊக்கி மாத்திரைகள்: பாதுகாப்பான பயன்பாடும் அபாயங்களும்

கவனக் குறைபாடு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு எனப்படும் ஏடிஹெச்டி பாதிப்புக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஊக்கி மருந்துகளில் இந்தியாவில் கிடைப்பது பெரும்பாலும் மெத்தில்ஃபெனிடேட் மட்டுமே. இரண்டு சட்டங்களின் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள இந்த மாத்திரை, தேர்வு நேரத்தில் கவனம் கூடும் என்ற நம்பிக்கையில் பாதிப்பு ஏதும் இல்லாத மாணவர்களிடமும் கைமாறுகிறது. உரிய பரிசோதனைக்குப் பின் மருத்துவரின் கண்காணிப்பில் உட்கொள்ளும் சிறுவனுக்கு உதவும் மருந்து, விடுதி அறையில் நண்பனிடம் வாங்கி விழுங்கும் மாணவனுக்கு ஆபத்தாக முடியலாம்.

தலைவலிக்குக் கொடுத்த மருந்து

ஊக்கி மருந்துகளின் இந்தப் பயன் தற்செயலாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த மருத்துவர் சார்லஸ் பிராட்லி, பரிசோதனைக்குப் பின் தலைவலியால் அவதிப்பட்ட சிறுவர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை; ஆனால் பலர் வகுப்பில் அமைதியாக அமர்ந்து படிக்கத் தொடங்கினர். இதை அவர் 1937-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். மெத்தில்ஃபெனிடேட்டை 1944-இல் ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிஸோன் உருவாக்கினார். மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவைக் கொண்டே அதற்கு ரிட்டலின் என்று பெயரிட்டார்.

மூளையின் நரம்பு அணுக்கள் வெளியிடும் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை அந்த அணுக்களே மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இம்மருந்து தடுக்கிறது. அதனால் கவனம், பொறுமை, திட்டமிடல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான பகுதிகளில் அவற்றின் அளவு உயர்கிறது. இங்கு வேகம் முக்கியம். மாத்திரையாக விழுங்கும்போது மூளையில் மருந்தின் அளவு உச்சத்தை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பொடித்து மூக்கால் உறிஞ்சினாலோ ஊசியாகச் செலுத்தினாலோ சில நிமிடங்களில் உச்சம் எட்டப்பட்டு, போதை உணர்வு உண்டாகிறது. அடிமைத்தனத்துக்கு வழிவகுப்பது இந்தத் திடீர் ஏற்றமே. பரிந்துரைத்தபடி வாய்வழி உட்கொள்ளும் சிறுவர்கள் பிற்காலத்தில் போதைப் பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகரிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பெற்றோரிடையே பரவலாக உள்ள இந்த அச்சமே பல குழந்தைகளின் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது.

மருந்துக்கு முன் பரிசோதனை

ஏடிஹெச்டி பாதிப்பை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். பள்ளியில் மட்டும் கவனம் சிதறும் குழந்தைக்குக் கண் பார்வைக் குறைபாடோ, கற்றல் குறைபாடோ, போதிய தூக்கமின்மையோ காரணமாக இருக்கலாம். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாக விசாரிக்காமல் பத்து நிமிடச் சந்திப்பில் எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டைப் பெற்றோர் ஐயத்துடன் பார்ப்பதே நல்லது.

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியும் நடத்தைச் சிகிச்சையுமே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு மருந்தைத் தொடங்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு ஆகியவை அளந்து குறித்து வைக்கப்பட வேண்டும். ஓடியாடும்போது மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் திடீரென இறந்தனரா, பிறவி இதயக் குறைபாடு உள்ளதா ஆகிய கேள்விகளுக்குப் பெற்றோர் எதையும் மறைக்காமல் பதிலளிக்க வேண்டும். இத்தகைய பின்னணி இருந்தால் இதய மருத்துவரின் கருத்தும் ஈசிஜி பரிசோதனையும் தேவைப்படும். மற்ற எல்லோருக்கும் ஈசிஜி கட்டாயமில்லை.

கண் நீர் அழுத்த நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கட்டுக்குள் வராத உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் பொதுவாக ஏற்றதல்ல. இருமுனை மனநோய், மனச்சிதைவு ஆகியவை இருந்தாலோ குடும்பத்தில் எவருக்கேனும் இருந்தாலோ மருத்துவரிடம் கண்டிப்பாகத் தெரிவிக்க வேண்டும். மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்துகளை உட்கொண்டவர்கள், அவற்றை நிறுத்தி 14 நாள்கள் கடந்த பின்னரே இம்மருந்தைத் தொடங்கலாம். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாக உயரும்.

பசியும் உறக்கமும்

மருந்து மிகக் குறைந்த அளவில், வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி, வார இடைவெளியில் சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது. குழந்தையின் எடையைவிட, எந்த அளவில் பலன் தெரிகிறது, எந்த அளவில் தொல்லை தொடங்குகிறது என்பதே அளவை முடிவு செய்கிறது. சாதாரண மாத்திரையின் விளைவு மூன்று முதல் நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும். நீடித்துச் செயல்படும் மாத்திரைகள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை பலன் தருபவை. இவற்றை உடைக்கவோ, மெல்லவோ, பொடித்து உணவில் கலக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் கலந்துவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. மாலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும்.

பெரும்பாலான குடும்பங்கள் முதலில் சந்திக்கும் சிக்கல் பசியின்மை. காலையில் மாத்திரை சாப்பிட்ட குழந்தை மதிய உணவு டப்பாவைத் தொடாமல் அப்படியே திரும்பக் கொண்டுவரும். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையக் காலை உணவு கொடுப்பதும், மருந்தின் வேகம் தணியும் மாலையிலும் இரவிலும் சத்தான உணவை ஈடு செய்வதும் கைகண்ட வழிகள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 வயது வரையிலான குழந்தைகளின் எடையை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், உயரத்தை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் அளக்க வேண்டும். ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், மருந்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பார்க்கப்பட வேண்டும். வளர்ச்சி வேகம் சற்றுக் குறைவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளதால், உயரக் கோடு கீழிறங்கினால் மருந்துக்கு இடைவெளி விடுவது குறித்து மருத்துவர் முடிவெடுப்பார்.

தலைவலி, வயிற்றுவலி, படபடப்பு ஆகியவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். மருந்தின் விளைவு குறையும் மாலை நேரத்தில் சில குழந்தைகள் காரணமின்றி எரிந்து விழுவதும் அழுவதும் உண்டு. இதை அடம் என்று நினைத்துத் தண்டிக்காமல், மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என மருத்துவரிடம் கேட்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதவற்றைப் பார்ப்பது அல்லது கேட்பது, விரல் நுனிகள் நிறம் மாறி மரத்துப்போவது, ஆண்களுக்கு வலியுடன் நீடிக்கும் விறைப்பு ஆகியவை தென்பட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீண்ட காலப் பயன்பாடு இதயத்தைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு ஸ்வீடன் நாட்டின் மக்கள் பதிவேடுகளை வைத்து நடந்த இரு ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. 2023-இல் வெளியான ஆய்வு, 6 முதல் 64 வயது வரையிலான 2,78,027 பேரின் தரவுகளைக் கொண்டது. மருந்து உட்கொள்ளும் ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் இதய, ரத்தநாள நோய் வாய்ப்பு சராசரியாக 4 சதவீதம் கூடுவதாக அது கண்டது. உயர் ரத்த அழுத்தமும் தமனி நோயும் அதில் முக்கியமானவை. 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு, 1,48,578 பேரின் தரவுகளை ஆராய்ந்து, ஏடிஹெச்டி மருந்தைத் தொடங்கியவர்களிடையே இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்ந்த இறப்பு 10,000 பேருக்கு 39 ஆகவும், தொடங்காதவர்களிடையே 48 ஆகவும் இருந்ததாகத் தெரிவித்தது. சிகிச்சை பெறாத நோயாளிகளுக்கு விபத்துகளும் தற்செயலான நச்சேற்றமும் அதிகம் நேர்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மருந்தைத் தவிர்ப்பதும் ஆபத்தற்ற தேர்வல்ல; ஆனால் ரத்த அழுத்தம் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டையே புதுப்பித்துக்கொண்டிருப்பது தவறு.

இரட்டைப் பூட்டு

மெத்தில்ஃபெனிடேட், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் பட்டியலிலும், மருந்துகள் விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. எக்ஸ் அட்டவணை மருந்துகளை விற்கக் கடைக்காரருக்குத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். இத்தனை நடைமுறைகளுக்கு அஞ்சிப் பல கடைகள் இம்மருந்தை வைப்பதே இல்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 25-இல் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், எக்ஸ் அட்டவணை மருந்துகளைக் காணொலி அல்லது தொலைபேசி ஆலோசனை வழியாகப் பரிந்துரைக்கத் தடை விதித்தன. தவறான கைகளுக்குப் போகாமல் தடுப்பதே இதன் நோக்கம். ஆயினும் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், விதியின் சுமை பெருநகரங்களுக்கு வெளியே வாழும் குடும்பங்கள் மீதே விழுகிறது. மருந்து தீர்வதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாகவே அடுத்த சந்திப்பை உறுதி செய்துகொள்வது அவர்களுக்கு நடைமுறையில் பலன் தரும்.

சொந்த மருத்துவத் தேவைக்கு ஒருவர் ஒரே நேரத்தில் 100 மாத்திரைகள் வரை வைத்திருக்கலாம். நீண்ட காலப் பயன்பாட்டுக்கென மருத்துவர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை அனுமதி உண்டு. சீட்டு இல்லாமல் வைத்திருப்பதும், நண்பருக்கு ஒன்றிரண்டு கொடுப்பதும்கூடக் குற்றமே. சிறிதளவுக்கு ஓராண்டு வரையும், வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரையும் கடுங்காவல் தண்டனைக்குச் சட்டம் வழிசெய்கிறது.

வெளிநாடு செல்வோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஏடிஹெச்டி பாதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் அட்ரால் போன்ற ஆம்ஃபெட்டமைன் மருந்துகளை ஜப்பானுக்குள் மருந்துச் சீட்டுடன்கூடக் கொண்டுசெல்ல முடியாது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் முன்அனுமதி தேவை.

தேர்வறையில் உதவுமா?

பாதிப்பு இல்லாத மாணவர்களுக்கு இம்மாத்திரை அறிவுக்கூர்மையைத் தருவதாக நம்பப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏடிஹெச்டி பாதிப்பு இல்லாத 40 பேரிடம் நடத்தி, 2023-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன், மொடாஃபினில் ஆகியவற்றை உட்கொண்டவர்கள் சிக்கலான கணக்குகளில் அதிக நேரமும் உழைப்பும் செலவிட்டனர். விடைகளின் தரமோ குறைந்தது. வெற்று மாத்திரையுடன் சராசரிக்கு மேல் செயல்பட்டவர்களில் பலர், மருந்துடன் சராசரிக்குக் கீழே சென்றனர்.

இத்தகைய மாணவருக்கு எவரும் ரத்த அழுத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். குடும்பத்தின் இதய நோய் வரலாறு கேட்கப்பட்டிருக்காது. இரவு விழித்துப் படிக்கக் காபியும் ஆற்றல் பானங்களும் சேரும்போது படபடப்பும் ரத்த அழுத்தமும் மேலும் கூடுகின்றன. மதுவுடன் சேரும்போது போதை ஏறியது தெரியாமல் அதிகம் குடிக்கும் ஆபத்து உண்டு. அளவு மீறித் தொடர்ந்து உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தும்போது கடும் சோர்வும் மனச்சோர்வும் தாக்கலாம். அந்நாள்களில் அவர்களைத் தனியே விடக் கூடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 மே மாதம், எல்லா ஊக்கி மருந்துகளின் எச்சரிக்கை வாசகத்தையும் திருத்தி, பெரும்பாலானோருக்கு இவை நண்பர்கள், குடும்பத்தினரிடமிருந்தே தவறாகக் கிடைக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்டியது.

எனவே வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வாரம் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நல்லது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையிடம் ஒரு மாத மருந்தை மொத்தமாகக் கொடுத்தனுப்புவதைத் தவிர்க்கலாம். மீந்துபோனவற்றைக் குப்பையில் வீசக் கூடாது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கழிப்பறையில் போட்டு நீரூற்றி அகற்ற வேண்டிய 17 மருந்துகளில் மெத்தில்ஃபெனிடேட்டும் ஒன்று.

ஊக்கி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டமாக்ஸடின் என்ற வேறு வகை மருந்து உள்ளது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இதனால் போதைப் பழக்கம் ஏற்படுவதில்லை. ஆயினும் சிறுவர்களிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை இதற்கு உண்டு என்பதால் முதல் சில வாரங்களில் மனநிலை மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். மருந்தைத் தவறாகப் பயன்படுத்தும் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோரும், பிள்ளையின் நடத்தை குறித்து எங்கு தொடங்குவது எனத் தெரியாத பெற்றோரும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.