வலியைச் சொல்லாத நோயாளிகள்

கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஆயினும் ஐப்பசித் தேருக்குப் பிள்ளைகள் வந்து திரும்பியபின் பல வீடுகளில் முதியவர்களே எஞ்சுகின்றனர். அவர்களில் ஒருவருக்கு மறதிநோயோ பார்க்கின்சனோ முற்றினால் இறுதிவரை யார் பார்ப்பது? கேரளத்தின் ஆறுதல் பராமரிப்பு வரலாற்றை இக்கேள்வியோடு வாசிக்க விரும்புகிறேன்.

அவ்வரலாற்றை நாம் வழக்கமாக 1993இல் தொடங்குகிறோம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் வலி மற்றும் ஆறுதல் பராமரிப்புச் சங்கத்தை நிறுவிய ஆண்டு அது. முயற்சியின் மையத்தில் இருந்தவர் புற்றுநோயாளி, மருந்து மார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அம்மருந்தை எட்டாக் கனியாக்கியிருந்ததால் போராட்டமும் அதைச் சுற்றியே நடந்தது.

நரம்புச் சிதைவு நோய் இச்சட்டகத்துள் எளிதில் அடங்காது. அது ஆண்டுக்கணக்கில் நீளும். முடிவு எப்போது என மருத்துவராலும் கூற இயலாது. நோயாளியோ தன் வலியைச் சொல்லும் மொழியையே இழந்துகொண்டிருப்பார். இத்தனைக்கும் இவர்களுக்கான அமைப்பு ஓராண்டு மூத்தது. ஜேக்கப் ராய் குரியாக்கோஸ் முன்னின்ற அல்சைமர் சங்கம் 1992இல் கொச்சியில் உருவாயிற்று. பின்னர் பகல்நேரப் பராமரிப்பு மையமும் கண்டது. 1998இல் கொச்சியில் கூடிய அனைத்துலக மாநாட்டில் 10/66 ஆய்வுக்குழு பிறந்தது. பெயரே ஒரு குற்றச்சாட்டு: மறதிநோயாளரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

இவ்விரு ஓடைகளும் நெருங்கிய இடம் மருத்துவமனையன்று, வீடு. 1999 முதல் மலப்புறத்தில் வளர்ந்த அக்கம்பக்க வலையமைப்பு புற்றுநோயைத் தாண்டி, நெடுங்காலம் படுக்கையில் கிடப்போரையும் தன் பொறுப்பில் ஏற்றது. 2008இல் மாநில அரசு ஆறுதல் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. ஊராட்சிச் செவிலியர் வீடு தேடி வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட்டார். சிறுநீர்க் குழாயை மாற்றினார்.

செவிலியர் திரும்பிய பின்? இரவில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவர், புரையேறாமல் கஞ்சி ஊட்டுபவர், பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். 'சமூகப் பங்கேற்பு' என்று நம் ஆய்வேடுகள் கொண்டாடும் சொல்லுக்குள் அவர்களின் கூலியற்ற உழைப்பு புதைந்திருக்கிறது. நானும் அச்சொல்லைத் தயங்காமல் எழுதியவன்தான்.

2014இல் கேரள அரசு அல்சைமர் சங்கத்தோடு இணைந்து மறதிநோய்க்கெனத் தனித்திட்டம் தொடங்கியது. பகல் மையங்களும் முழுநேர இல்லங்களும் அதில் இடம்பெற்றன. வீட்டை நோக்கி நடந்த வரலாறு மீண்டும் இல்லத்தின் பக்கம் திரும்பியதை, பிள்ளைகளற்ற அக்கிரகாரத் தெருவில் நின்று பார்ப்பவர் பின்னடைவு என்று சொல்லமாட்டார்.