கரும்பில் பன்மடியம்

உயிரணுவில் குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேல் இருப்பது பன்மடியம். கோதுமை, பருத்தி, பெரும்பாலான வாழை இரகங்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். கரும்போ தனி வகை: ஆலைக்கரும்பின் குரோமோசோம் எண்ணிக்கை இரகத்துக்கு இரகம் மாறி, ஏறக்குறைய 100 முதல் 130 வரை செல்கிறது.

தடித்த இனிப்புக் கரும்பு நியூ கினியாவில் பயிராக்கப்பட்டது என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதன் குரோமோசோம்கள் 80. ஆற்றங்கரை நாணலில் 40 முதல் 128 வரை காணப்படுகின்றன. கோயம்புத்தூர் நாணலில் 64.

கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்ததற்கு இது முக்கியக் காரணம். சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் கரும்பை நாணலோடு கலந்தனர். அதில் பிறந்த கோ 205, 1918இல் வட இந்திய உழவர்களிடம் சென்றது. சர்க்கரையே இல்லாத புல்லைப் போய்க் கரும்போடு சேர்ப்பதா என்று அன்று யாரேனும் சிரித்திருந்தால் வியப்பில்லை. நாணல் தந்தது இனிப்பையல்ல, தாக்குப்பிடிக்கும் திறனை.

கோ 205இன் எண்ணிக்கை 112. இரு பெற்றோரும் பாதிப் பாதி தந்திருந்தால் 40உம் 32உம் சேர்ந்து 72தான் வரும். ஆனால் தாய்க்கரும்பு தன் 80ஐயும் முழுதாகக் கொடுத்துவிட்டது. ஜாவாவில் ஜி. பிரெமர் 1920களில் இதே கணக்கைக் கண்டார். முட்டையணு குறையாமலே உருவாகிறதா, குறைந்தபின் இரட்டிக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

தலச்சேரியில் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூரில் உயிரணு ஆய்வு செய்தார். கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்ததைப் பற்றிய அவரது குறிப்பு 1938இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வெங்கட்ராமன் அறிவித்த கரும்பு-மூங்கில் கலப்பைப் பின்வந்தோர் சிலர் ஐயுறுகின்றனர். சி. டி. டார்லிங்டனுடன் ஜானகி அம்மாள் தொகுத்த பயிர்த்தாவரக் குரோமோசோம் விவரநூல் 1945இல் லண்டனில் வெளியானது. பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைத் தடவி மக்னோலியா நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தார். அவற்றிலிருந்து வந்த வெண்பூ மரம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆர். ஆர். பாஞ்சேயும் சி. என். பாபுவும் 1960இல் நாணலின் எண்ணிக்கைகளை நிலப்பரப்போடு பொருத்திக் காட்டினர். இன்றைய இரகங்களின் குரோமோசோம்களில் சுமார் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை நாணல்வழி வந்தவை. 'ஆர் 570' என்ற ஆலைக்கரும்பின் மரபணுத்தொகை 2024இல் வெளியிடப்பட்டது.