இரினா ரோத்னினாவின் போட்டி வாழ்வு: ஜோடி ஸ்கேட்டிங்கின் திசைமாற்றம் (1969–1980)

ஃபிகர் ஸ்கேட்டிங்கின் ஜோடிப் பிரிவில் ஒரு வெற்றியை யார் கணக்கில் எழுதுவது என்பது எளிதில் தீராத கேள்வி. பனித்தளத்தில் இருவர், தடுப்புக்கு அப்பால் பயிற்சியாளர், சோவியத் ஒன்றியம் என்றால் அவர்களுக்குப் பின்னால் அரசின் விளையாட்டு அமைப்பு முழுவதும். இரினா ரோத்னினாவின் சாதனையைப் பயிற்சியாளர் ஸ்தனிஸ்லாவ் ஜூக்கின் கைவண்ணமாகவே காணும் போக்கு உண்டு. அவருடைய போட்டி வாழ்வைக் காலவரிசைப்படி தொடர்ந்து பார்த்தால் அந்தக் கருத்து பாதிதான் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரோத்னினா வருவதற்கு முன் இத்துறையை ஆண்டவர்கள் லெனின்கிராடைச் சேர்ந்த லுத்மிலா பெலோசவா, ஓலெக் புரோத்தபோப்பொவ் தம்பதியர். 1964, 1968 ஒலிம்பிக் தங்கங்களும் 1965 முதல் 1968 வரையிலான உலகப் பட்டங்களும் அவர்களுடையவை. பாலே மரபில் ஊறிய, நீண்ட கோடுகளாக இழையும் ஆட்டம் அது. ஆண் ஓரிடத்தில் ஊன்றிச் சுழல, அவர் கையை ஒற்றைக் கையால் பற்றிய பெண், தலை பனியை உரசும் அளவுக்குச் சாய்ந்து வட்டமிடும் ‘டெத் ஸ்பைரல்’ என்ற உத்திக்குப் புதிய வகைகளைத் தந்தவர்கள் அவர்கள்தாம்.

1949இல் மாஸ்கோவில் பிறந்த ரோத்னினாவுக்குச் சிறு வயதில் நிமோனியா மீண்டும் மீண்டும் வந்தது. நுரையீரல் தேறட்டும் என்றுதான் பெற்றோர் அவரைப் பனித்தளத்துக்கு அழைத்துச் சென்றனர். பின்னர் ராணுவக் கழகத்தில் ஜூக்கின் மாணவியாகி, அலெக்ஸேய் உலானொவுடன் ஜோடி சேர்ந்தார். 1969இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் உலகப் போட்டியில் இந்த இளம் ஜோடி முதலிடம் பெற்றது. ஓராண்டுக்கு முன் ஒலிம்பிக் வென்ற புரோத்தபோப்பொவ் தம்பதியர் மூன்றாமிடத்துக்கு இறங்கினர்.

இது வெறும் தலைமுறை மாற்றம் அல்ல. குள்ளமான, கட்டுறுதியான உடல்வாகு கொண்ட ரோத்னினாவின் வலிமை அவருடைய கால்களில் இருந்தது. மூச்சுவிட இடம் தராத வேகம், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த காலடிகள், இருவரும் அருகருகே ஒரே கணத்தில் எழும் தாவல்கள் என்று ஆட்டத்தின் இலக்கணமே மாறியது. பழைய பாணியின் அழகை இழந்தது பெரிய இழப்புதான். ஆனால் அதன்பின் வந்த எந்த ஜோடியாலும் இந்த வேகத்தைப் புறக்கணித்து வெல்ல முடியவில்லை.

1972ஆம் ஆண்டு அவருக்குக் கடுமையாக அமைந்தது. சப்போரோ ஒலிம்பிக்கில் ஒன்பது நடுவர்களில் ஆறு பேர் ரோத்னினா ஜோடிக்கும், மூன்று பேர் லுத்மிலா ஸ்மிர்னோவா ஜோடிக்கும் முதலிடம் தந்தனர். உலானொவின் மனம் அந்த ஸ்மிர்னோவாவிடம்தான் இருந்தது. இருவரும் பின்னர் மணந்துகொண்டனர். ரோத்னினாவும் உலானொவும் பிரிவது உறுதியான நிலையில் கால்கரி உலகப் போட்டி வந்தது. போட்டிக்கு முந்தைய பயிற்சியில் தூக்கிய நிலையிலிருந்து ரோத்னினா கீழே விழுந்து தலையில் அடிபட்டார். அந்தக் காயத்தோடு இறங்கித்தான் நான்காவது உலகப் பட்டத்தை வென்றார்.

புதிய துணையாக ஜூக் தேர்ந்தெடுத்தவர் லெனின்கிராட் இளைஞர் அலெக்ஸாந்தர் ஸாய்ட்செவ். ஓராண்டு முடிவதற்குள், 1973இல் கொலோன் ஐரோப்பியப் போட்டியில், இந்த ஜோடிக்கு முழு மதிப்பெண்ணான 6.0 பன்னிரண்டு முறை கிடைத்தது. அதே ஆண்டு பிராட்டிஸ்லாவா உலகப் போட்டியில் ஆட்டத்தின் நடுவே இசை அறுந்துபோனது. 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததன் கசப்பே காரணம் என்ற பேச்சு உண்டு. காரணம் எதுவானாலும், தொடரும்படி ஜூக் சைகை காட்ட, இருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கத்திகள் பனியைக் கீறும் ஓசை மட்டுமே கேட்க, காலடியோடு காலடி பிசகாமல் ஆடி முடித்தனர். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது; தங்கமும் அவர்களுக்கே. இசை இல்லாமலும் தாளம் நிற்கும் அளவுக்கு அது உடலில் ஊறியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் கேள்விக்கு முக்கியமான ஆண்டு 1974. அந்த ஆண்டு ஜோடி ஜூக்கை விட்டு விலகி, அப்போது 27 வயதே ஆகியிருந்த தத்யானா தராசோவாவிடம் சேர்ந்தது. 1973இன் ஆவேசம் பிந்தைய ஆட்டங்களில் ஓரளவு தணிந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த ஆவேசத்தை ஊட்டியவர் ஜூக் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வெற்றிகளின் தொடர் அறுபடவில்லை. 1975 முதல் 1978 வரை நான்கு உலகப் பட்டங்களும், 1976இல் இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக் தங்கமும் ஜூக் இல்லாமல் வந்தவை. துணைவர் மாறினார், பயிற்சியாளர் மாறினார். பத்து உலகப் பட்டங்களிலும் மாறாதிருந்தவர் ரோத்னினா ஒருவர்தான்.

1975இல் ஸாய்ட்செவை மணந்த அவருக்கு 1979 பிப்ரவரியில் மகன் பிறந்தான். அந்த ஆண்டின் உலகப் பட்டம் அமெரிக்காவின் தாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் ஜோடிக்குச் சென்றது. 1980இல் லேக் பிளாசிடில் இரு ஜோடிகளும் மோதுவதைக் காண உலகமே காத்திருந்தது. ஆனால் காயம் காரணமாக கார்ட்னர் ஜோடி விலக நேர்ந்தது. முப்பது வயதில் ரோத்னினா மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் பெற்றார். மூன்று ஒலிம்பிக் தங்கம், பத்து உலகப் பட்டம் என்ற கணக்கில் அவருக்கு இணை, ஒற்றையர் பிரிவில் ஆடிய நார்வேயின் சோன்யா ஹேனி மட்டுமே.

போட்டியிலிருந்து விலகிய பின் ரோத்னினா அமெரிக்காவில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அவரிடம் பயின்ற செக் ஜோடியான ராட்கா கோவார்ஜிகோவா, ரெனே நோவோத்னி 1995இல் உலகப் பட்டம் வென்றனர்.